விரிசல் வளைவில் இல்லை, வளைவு தொடங்கும் இடத்தில்: பி91 குழாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அனல்மின் நிலையத்தில் மறுசூடேற்றிய நீராவியைக் கொதிகலனிலிருந்து டர்பைனுக்குக் கொண்டுபோகும் குழாய். எஃகின் வகை பி91, 9% குரோமியம் கொண்டது. உள்ளே ஓடும் நீராவியின் வெப்பநிலை 570 டிகிரி செல்சியஸ். வளைவுகள் இண்டக்ஷன் சுருளால் சூடேற்றி வளைக்கப்பட்டவை. வடிவமைப்பில் குறித்த ஆயுளில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடாத நிலையில், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியபோது காந்தத் துகள் சோதனையில் ஒரு விரிசல் தெரிகிறது. இப்படிப்பட்ட வளைவில் எல்லோரும் முதலில் தேடுவது வெளிமுதுகை. வளைக்கும்போது சுவர் இழுபட்டு மெலிவது அங்கேதான். ஆனால் விரிசல் அங்கே இல்லை. வளைவு தொடங்குவதற்குச் சற்று முன், பார்வைக்கு வளையாமல் நேராக இருக்கும் பகுதியில், சுற்றளவை ஒட்டி ஓடுகிறது. அந்த இடத்தில் வெல்டும் கிடையாது.

இந்தக் குழாய் ஒரு குறிப்பிட்ட ஆலையின் குழாய் அல்ல. 9% குரோமியம் மார்ட்டென்சைட் (சூட்டிலிருந்து ஆறும்போது உருவாகும் கடினமான படிக அமைப்பு) எஃகுகளைச் சூடேற்றி வளைத்த பல இடங்களில் தலைகாட்டும் ஒரே வகைப் பழுதைத் திரட்டி, ஒரு நிகழ்வாக இங்கே வைத்திருக்கிறேன். எண்கள் இந்த எஃகுக்கு வழக்கமாகக் கிடைக்கும் எல்லைக்குள் இருப்பவை. கேள்வி ஒன்றுதான்: ஒரே உருக்கில் வார்த்து, ஒரே குழாயாக உருட்டி, ஒரே சான்றிதழோடு வந்த உலோகத்தில், சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டும் ஏன் முன்கூட்டியே தோற்றது?

காகிதத்தில் எல்லாம் சரி

ஆவணங்களைப் புரட்டினால் எரிச்சல்தான் வரும், எதிலும் பிடி கிடைக்காது. ஆலைச் சான்றிதழில் கரி, குரோமியம், மாலிப்டினம், வனேடியம், நியோபியம், நைட்ரஜன் எல்லாம் வரம்புக்குள். அறை வெப்பநிலை இழுவிசைச் சோதனையில் நெகிழ்வுப் பலம் குறைந்தபட்சமான 415 மெகாபாஸ்கலுக்கு மேல், உச்சப் பலம் 585-க்கு மேல். வளைத்த நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் வளைத்தபின் 760 டிகிரியில் டெம்பரிங் (கடினத்தைத் தணிக்கும் மறுசூடேற்றம்) செய்ததற்கான கோடு ஒழுங்காக ஓடுகிறது. கடினத்தன்மை அளந்திருக்கிறார்கள். வெளிமுதுகில் ஒரு புள்ளி, உள்வயிற்றில் ஒரு புள்ளி, இரண்டும் ஏற்கத்தக்கவை.

கோப்பில் இல்லாத வரி ஒன்று உண்டு. வளைத்தபின் துண்டு முழுவதையும் மறுபடி நார்மலைசிங் (1040 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவது) செய்ததாக எங்கும் பதிவில்லை. வளைத்தார்கள், டெம்பர் செய்தார்கள், அனுப்பினார்கள். சாதாரணக் கார்பன் எஃகிலும் குறைந்த கலப்பு எஃகிலும் பழகிய கை அப்படித்தான் செய்யும். அந்த எஃகுகள் இதைப் பெரும்பாலும் மன்னித்தும் விடும். பி91 மன்னிக்காது. ஏன் என்பதற்கு இந்த எஃகின் பலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலம் கலவையில் இல்லை

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1970-களில் உருவாகி, 1980-களின் தொடக்கத்தில் தரநெறிகளுக்குள் வந்த எஃகு இது. பழைய 9% குரோமியம், 1% மாலிப்டினம் எஃகில் 0.2% அளவு வனேடியம், 0.08% அளவு நியோபியம், கட்டுப்படுத்திய அளவு நைட்ரஜன் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். சேர்த்தது எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். விளைவு அதற்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் பெரியது. 600 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் உடையாமல் தாங்கும் தகைவு, 2.25% குரோமியம் கொண்ட பழைய பி22 எஃகுக்கு ஏறக்குறைய 35 மெகாபாஸ்கல். பி91-க்கு ஏறக்குறைய 90.

அந்த 90 சும்மா வருவதில்லை. அதே கலவையை எடுத்து மெதுவாக ஆறவிட்டு மென்மையான ஃபெரைட் அமைப்பாக்கிவிட்டால், வனேடியமும் நியோபியமும் எங்கும் போய்விடாது; ஆனால் ஊர்வுப் பலம் பி22-இன் பக்கத்துக்கு இறங்கிவிடும். ஊர்வு என்று நான் சொல்வது க்ரீப்பை: நெகிழ்வுப் பலத்துக்கு வெகு கீழே உள்ள சுமையிலும், சூட்டில், ஆண்டுக்கணக்கில் உலோகம் மெல்ல நீண்டுகொண்டே போவது. உயர் வெப்பநிலைப் பலம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 600 டிகிரியில் சில நிமிடங்களில் இழுத்துப் பார்க்கும் பலம் ஒன்று, பத்தாண்டு தாங்கும் பலம் இன்னொன்று. வெப்பப் பதப்படுத்தலில் நேரும் தவறு முதலாவதை ஓரளவுதான் தொடும். இரண்டாவதை அடியோடு சாய்க்கும்.

முதல் படி நார்மலைசிங், 1040 முதல் 1080 டிகிரி வரை. எஃகு முழுவதும் ஆஸ்டனைட்டாக, அதாவது உயர்சூட்டில் நிலைக்கும் படிக அமைப்பாக, மாறுகிறது. பழைய குரோமியம் கார்பைடுகள் கரைந்துவிடுகின்றன. வனேடியமும் நைட்ரஜனும் கரைசலுக்குள் போகின்றன. நியோபியம் முழுதாகக் கரைவதில்லை. மிச்சமிருக்கும் நியோபியம் துகள்கள் குருணை (உலோகத்தின் ஒவ்வொரு படிகத் துண்டு) பெருக்காமல் தடுத்து நிற்கின்றன. பிறகு காற்றில் ஆறும்போது, 400 டிகிரிக்கு அருகே மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு ஆஸ்டனைட் குருணையும் உள்ளுக்குள் மெல்லிய பட்டைகளாகப் பிளக்கிறது. பட்டையின் அகலம் அரை மைக்ரோமீட்டரை ஒட்டி. உள்ளே டிஸ்லொகேஷன் எனப்படும் இடப்பிறழ்வுகள், அதாவது அணு வரிசையின் பிசகுகள், அடைத்துக்கொண்டு நிற்கும். கடினத்தன்மை இந்தக் கட்டத்தில் 400 விக்கர்ஸுக்கு மேல் போகும். கண்ணாடி போல நொறுங்கும் நிலை இது. இப்படியே பயன்படுத்த முடியாது.

இரண்டாம் படி டெம்பரிங், 730 முதல் 800 டிகிரி வரை. இதில் உடையாத்தன்மை திரும்புகிறது என்பது பாடப்புத்தகம் சொல்வது. சூட்டில் வேலை செய்யும் எஃகுக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று இங்கே நடக்கிறது. குருணை எல்லைகளிலும் பட்டை எல்லைகளிலும் எம்23சி6 என்ற குரோமியம் மிகுந்த கார்பைடுகள் 100 முதல் 200 நானோமீட்டர் அளவில் வரிசையாக உட்காருகின்றன. பட்டைகளுக்கு உள்ளே எம்எக்ஸ் என்று குறிக்கும் வனேடியம், நியோபியம் நைட்ரைடுத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவில் தூவியதுபோல் விழுகின்றன. இடப்பிறழ்வுகள் குறைந்தாலும் தீர்ந்துபோவதில்லை. ஒரு சதுர மீட்டர் வெட்டுமுகத்துக்கு 100 லட்சம் கோடி என்ற வரிசையில் இன்னும் இருக்கும்.

570 டிகிரியில் வேலைக்குப் போன பிறகு இந்த அமைப்பு முழுவதும் தளரத்தான் பார்க்கும். இடப்பிறழ்வுகள் ஒன்றையொன்று அழிக்கும், பட்டைகள் அகலும். பட்டை அகலம் இரட்டித்தால் பட்டை எல்லைகள் தரும் பலம் பாதியாகும். இதைத் தடுத்து நிறுத்துவது இரண்டே இரண்டு: எல்லையைப் பிடித்திருக்கும் கார்பைடு, உள்ளே இடப்பிறழ்வைப் பிடித்திருக்கும் நைட்ரைடு. அதாவது, துகள்கள் இருந்தால் மட்டும் போதாது. எங்கே உட்கார்ந்திருக்கின்றன, எவ்வளவு சிறியவையாக இருக்கின்றன என்பதுதான் பலம். அந்த இருக்கையை ஒதுக்கிக் கொடுப்பது நார்மலைசிங்கும் டெம்பரிங்கும், அந்த வரிசையில். இருக்கை கலைந்தால் வேதியியல் சான்றிதழில் ஒரு எண்ணும் மாறாது.

சுருள் நின்ற இரண்டு இடங்கள்

இண்டக்ஷன் வளைப்பில் குழாயைச் சுற்றி ஒரு சுருள். அது குழாயின் ஒரு குறுகிய பட்டையை மட்டும் ஆஸ்டனைட் எல்லைக்கு நன்றாக மேலே சூடேற்றும். குழாயைப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். முன்முனையைப் பிடித்த கை வட்டத்தில் சுழலும். சூடான பட்டை மட்டும் வளையும். சுருளைக் கடந்ததும் காற்றோ நீரோ அதைக் குளிர்விக்கும். குழாய் நகர்ந்துகொண்டிருக்கும் வரை, சுருளைக் கடக்கும் ஒவ்வொரு துண்டும் முழு உச்ச வெப்பநிலையைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கதை வேறு. தொடக்கத்தில் குழாய் அசையாமல் நிற்க, சுருள் அதைச் சூடேற்றுகிறது. சுருளுக்கு முன்னால் இருக்கும் உலோகம் உச்ச வெப்பநிலையிலிருந்து படிப்படியாகச் சாதாரண வெப்பநிலை வரை இறங்கும் ஒரு சரிவில் நிற்கிறது. குழாய் நகரத் தொடங்கியதும் அந்தச் சரிவு அப்படியே உறைந்துபோகிறது, ஏனென்றால் அந்தப் பகுதி இனிச் சுருளைக் கடக்கப் போவதில்லை. முடியும் இடத்திலும் இதேதான், மறுபக்கமாக. ஆக ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு வளையங்கள். நம் விரிசல் அவற்றில் ஒன்றில்.

சரிவில் ஆபத்தான பகுதி எது? ஆஸ்டனைட் உருவாகத் தொடங்கும் வெப்பநிலையை ஏசி1 என்பார்கள். பி91-இல் 800 முதல் 830 டிகிரி வரை. முழுவதும் ஆஸ்டனைட்டாகி முடியும் ஏசி3, 900 டிகிரியை ஒட்டியோ சற்று மேலேயோ. வேகமாகச் சூடேற்றினால் இரண்டும் இன்னும் கொஞ்சம் மேலே நகரும். இவை இரண்டுக்கும் இடையே போய்வந்த உலோகம் பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கும்.

மாறாத பாதியை முதலில் பார்ப்போம். அது பழைய டெம்பர் மார்ட்டென்சைட். 850 டிகிரி அதற்கு மிகக் கடுமையான டெம்பரிங். ஓர் ஒப்பீடு: வெப்பநிலையையும் நேரத்தையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் ஹோலமன், ஜாஃபே அளவுருவில் மாறிலி 20 என்று வைத்துக் கணக்கிட்டால், 800 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது 760 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குச் சமம். 850-க்கு அதைவிட எவ்வளவோ மேலே. சில நிமிடங்களிலேயே கார்பைடுகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருக்கின்றன, இடப்பிறழ்வுகள் கரைகின்றன, பட்டைகள் உடைந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவான குருணைகளாகின்றன.

மாறிய பாதி இன்னும் சூழ்ச்சிக்காரி. அது புதிய ஆஸ்டனைட், அருகிலிருந்த கார்பைடுகளைக் கொஞ்சம் கரைத்துக் கரியை வாங்கிக்கொண்டது. ஆறும்போது மறுபடி மார்ட்டென்சைட்டாகிக் கடினமாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் புத்துயிர் பெற்றதுபோல் தோன்றும். ஆனால் அந்த வெப்பநிலையில் வனேடியம் நைட்ரைடு கரையவில்லை. அது பழைய துகள்களிலேயே முடங்கிக் கிடக்கிறது, சற்றுப் பெருத்து. ஆகவே அடுத்து வரும் டெம்பரிங்கில் புதிதாகத் தூவ நைட்ரைடுக்குச் சரக்கு இல்லை. எம்23சி6 கார்பைடுகளிலும் கரையாத மிச்சம், பழைய எல்லைகள் எங்கே இருந்தனவோ அங்கேயே நிற்கிறது. புதிய எல்லைகள் வேறெங்கோ உருவாகியிருக்கின்றன. எல்லை ஓரிடம், காவல் ஓரிடம். காவல் இல்லாத எல்லை 570 டிகிரியில் நகரத் தொடங்கினால் நிறுத்த ஆளில்லை.

ஏசி3-ஐ மட்டும் சற்றே தாண்டிய பகுதியும் தப்பவில்லை. அது முழுவதும் ஆஸ்டனைட்டானது, ஆனால் கார்பைடும் நைட்ரைடும் கரையும் அளவுக்குச் சூடும் நேரமும் கிடைக்கவில்லை. குருணை மிகச் சிறியது. அறை வெப்பநிலையில் சிறிய குருணை நல்லது என்பது நமக்குப் பழகிய பாடம். ஊர்வில் அது தலைகீழ். எல்லைகள் கூடக்கூட, அதிலும் காவலற்ற எல்லைகள் கூடக்கூட, வழுக்குவதற்கு வழி கூடுகிறது. வெல்டுகளில் வகை-4 விரிசல் என்று பெயர்பெற்ற பழுது தோன்றுவதும் இதே வெப்பநிலைப் பட்டையில்தான். நம் குழாயில் வெல்ட் இல்லை, ஆனால் வெல்டின் வெப்பம் பாதித்த ஓரத்தை அச்சு எடுத்தாற்போல் ஒரு வளையம், அதைவிட அகலமாக, தயாராகி நின்றிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் 760 டிகிரி டெம்பரிங் என்ன செய்யும்? மாறிய பாதியின் கடினத்தன்மையை இறக்கி, சுற்றியுள்ள உலோகத்தோடு எண்ணளவில் ஒட்ட வைக்கும். அதாவது தடயத்தை மறைக்கும்.

எண் சொல்லாதது

அறுத்தெடுத்த துண்டில், வில்லேலா அரிப்புத் திரவம் பூசிப் பார்த்தால் ஒளி நுண்ணோக்கியிலேயே வேறுபாடு தெரிகிறது. நேர்ப்பகுதியில் பட்டைகள் தெளிவாக. வளைவின் உடலிலும் பட்டைகள். நடுவே உள்ள வளையத்தில் பட்டை உருவம் கலைந்து, வெளிறிய குருணைகளும் கருத்த திட்டுகளும் கலந்த கலவை. குழாயின் நீளவாக்கில் 10 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று கடினத்தன்மை எடுத்தால், இருபுறமும் 210, 220 என்று ஓடும் பிரினெல் எண் வளையத்தில் 190-க்குக் கீழே சரிந்து, மறுபடி ஏறுகிறது.

190 என்ற எண்ணை இந்த எஃகுக்குக் கீழ்வரம்பாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மோசமான வரம்பு அல்ல. வரம்பே இல்லாமல் இருந்த காலத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதை நம்பி உறங்க முடியாது. இதே வளையத்துக்குக் கடைசி டெம்பரிங் 20 டிகிரி குறைவாகக் கிடைத்திருந்தால், மாறிய பாதி இன்னும் கொஞ்சம் கடினமாக நின்று, சராசரி 205 காட்டியிருக்கும். தேர்ச்சி. ஊர்வுப் பலத்தில் முன்னேற்றம் ஏதும் இருந்திருக்காது. கடினத்தன்மை இரண்டு பாதிகளையும் கூட்டிச் சராசரி சொல்கிறது. ஊர்வு நலிந்த பாதியைத் தேடிப் போகிறது. 205 என்ற எண் ஒழுங்காக டெம்பர் செய்த மார்ட்டென்சைட்டிலும் வரும், இந்தக் கலவையிலும் வரும். எண் குறைவாக இருந்தால் உலோகம் சரியில்லை என்று சொல்லலாம். எண் சரியாக இருப்பதால் உலோகம் சரி என்று சொல்ல முடியாது.

களத்தில் இதற்கு மேலும் குழப்பங்கள் உண்டு. மேற்பரப்பில் கரியிழந்த படலம் இருந்தால் நல்ல உலோகமும் மென்மையாகக் காட்டும். அரைத்து எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கடினத்தன்மை அளக்கும் லீப் வகைக் கையடக்கக் கருவி சுவர் மெலிந்த இடத்தில் தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வளைவுக்கு இரண்டு புள்ளி என்ற வழக்கம் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கவே முடியாத வழக்கம். வெளிமுதுகிலும் உள்வயிற்றிலும் எடுத்த இரண்டு எண்களும் உண்மையானவைதான், ஏனென்றால் வளைவின் உடல் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

வேறு காரணமாக இருக்கக்கூடாதா?

இருக்கலாம், பி91 கெட்டுப்போக வழிகள் பல. ஒவ்வொன்றையும் தள்ளியாக வேண்டும். தள்ள உதவுவது மென்மை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற வரைபடம்.

நார்மலைசிங் வெப்பநிலை குறைவாகப் போயிருந்தால் வனேடியம் முழுதாகக் கரையாமல், பின்னால் எம்எக்ஸ் போதாமல் போயிருக்கும். அப்படியானால் முழுக் குழாயும் நலிந்திருக்க வேண்டும். மெதுவாக ஆறி ஃபெரைட் உருவாகியிருந்தால், அதாவது ஆஸ்டனைட் 700 முதல் 750 டிகிரி அருகே மணிக்கணக்கில் கிடந்திருந்தால், கடினத்தன்மை 150, 160 என்று இறங்கியிருக்கும். அதுவும் குழாய் நெடுக. அலுமினியம் மிகுந்திருந்தால் நைட்ரஜனை அது பிடித்துக்கொண்டு அலுமினியம் நைட்ரைடாக்கிவிடும். வனேடியத்துக்கு நைட்ரஜன் மிஞ்சாது. நைட்ரஜன், அலுமினிய விகிதம் நான்குக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கில் உள்ள விதி. இது வெப்பப் பதப்படுத்தலால் தீராத நோய், ஆனால் இதுவும் உருக்கு முழுவதையும் பிடிக்கும். பக்கத்து வெல்டுக்குச் செய்த வெப்பப் பதப்படுத்தல் எகிறியிருந்தால் மென்மை வெல்டை மையமாக வைத்து விரிந்திருக்கும். இங்கே பக்கத்தில் வெல்டே இல்லை.

நெடுக நல்ல உலோகம், குறுகிய ஒரு வளையம் மட்டும் கெட்டது, வளைவின் மறுமுனையில் அதன் இரட்டை. இந்த வடிவத்தைச் சுருளைத் தவிர வேறெதுவும் வரைந்திருக்க முடியாது. விரிசல் இல்லாத மறுமுனையிலும் கடினத்தன்மை அதேபோல் குழிந்து ஏறியது என்பதுதான், என் பார்வையில், இந்த ஆய்வின் மிக உறுதியான சான்று.

ஏன் சுற்றுவாக்கில் பிளந்தது

உள்ளழுத்தம் உள்ள குழாயில் சுற்றுத் தகைவு நீளவாக்குத் தகைவைப் போல் இரு மடங்கு. அப்படியானால் விரிசல் நீளவாக்கில் அல்லவா வர வேண்டும் என்று கேட்பது நியாயம். வளையம் குறுகியது என்பதில் பதில் இருக்கிறது. சுற்றுவாக்கில் நலிந்த வளையமும் இருபுறமுள்ள வலுவான உலோகமும் பக்கம் பக்கமாகக் கட்டிய கயிறுகள் மாதிரி. நலிந்தது நீள முயன்றால் அண்டையில் உள்ளவை சுமையை வாங்கிக்கொள்ளும். நீளவாக்கில் அவை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீட்டிய கயிறு. நலிந்த துண்டும் முழுச் சுமையைத் தாங்கியாக வேண்டும்.

நீளவாக்குச் சுமை அழுத்தத்தால் மட்டும் வருவதும் இல்லை. குழாயின் எடை, சூட்டில் நீள்வதால் வரும் வளைவு, இறுகிப்போன தொங்குபிடி, எல்லாம் அதில் சேரும். அதனால்தான் ஒரே மாதிரி வளையம் இரண்டு முனைகளிலும் இருந்தும் ஒன்று பிளந்தது, மற்றது நின்றது. தொங்குபிடிகளின் குளிர்நிலை, சூட்டுநிலை அளவுகளை எடுத்துப் பார்க்காமல் இப்படிப்பட்ட ஆய்வை முடிக்கக்கூடாது. உலோகவியலாளர்கள் மைக்ரோஸ்கோப்போடு எழுந்துவிடும் பழக்கம் உண்டு.

ஆயுள் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. ஊர்வு ஆயுள் தகைவின் ஓர் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அடுக்கு எட்டு என்று எடுத்துக்கொள்வோம். வளையத்தின் ஊர்வுப் பலம் 20% குறைந்தால் ஆயுள் ஆறில் ஒன்றாகும். 30% குறைந்தால் பதினேழில் ஒன்று. வடிவமைப்பில் பாதுகாப்பு இடைவெளி விட்டிருப்பதால்தான் குழாய் இவ்வளவு நாளாவது ஓடியது. பத்து, இருபது புள்ளி கடினத்தன்மைதானே என்று தோளைக் குலுக்குகிறவர்களிடம் இந்த அடுக்கைத்தான் காட்ட வேண்டும்.

டெம்பரிங்கைக் குறைத்திருந்தால்?

மென்மைதான் பிரச்சினை என்றால் எல்லாவற்றையும் கடினமாக வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை எழும். குறைந்த வெப்பநிலையில் டெம்பர் செய்த மார்ட்டென்சைட் சில ஆயிரம் மணி நேரச் சோதனையில் உண்மையிலேயே முந்துகிறது. அடைத்து வைத்த இடப்பிறழ்வுகள் அதிகம், ஆகவே தொடக்கப் பலம் அதிகம். ஆனால் அதே இடப்பிறழ்வுகள்தான் தளர்வதற்கான உந்துவிசையும். சோதனை நீள நீள அந்த முன்னிலை கரைந்து, கோடுகள் நெருங்கிவிடுகின்றன. குறுகிய காலச் சோதனையை வைத்து நீண்ட கால ஆயுளை நீட்டிக் கணக்கிட்டவர்கள் இந்த எஃகுக் குடும்பத்தில் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்; அனுமதித் தகைவுகள் பிற்பாடு கீழே திருத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, டெம்பர் ஆகாத கடின மார்ட்டென்சைட் ஈரம் பட்டால் தகைவு அரிப்பில் பிளக்கும். வெல்ட் செய்துவிட்டு வெப்பப் பதப்படுத்தாமல் ஈரத்தில் போட்டு வைத்த குழாய், வேலைக்குப் போகும் முன்பே விரிசல் விட்டதுண்டு.

பலம் தளர்வதை வேறு திசையிலிருந்து தடுக்கும் முயற்சிகளும் உண்டு. போரான் சேர்த்த புதிய 9% குரோமியம் எஃகுகளில், எல்லையில் உள்ள எம்23சி6 பெருக்காமல் போரான் பிடித்து வைக்கிறது. அதற்குப் போரான் கரைசலில் இருக்க வேண்டும். போரான் நைட்ரைடாக முடங்கிவிடக்கூடாது. எனவே நார்மலைசிங்கை 1150 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறார்கள், நைட்ரஜனைக் குறைத்து வைக்கிறார்கள். கலவையும் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதற்கு நல்ல உதாரணம், ஆனால் நம் குழாய்க்கு உதவாது.

என்ன செய்வது

விரிசல் விட்ட வளைவை அரைத்து வெல்ட் போட்டு மூடுவது ஒரு வழி. நலிந்த வளையத்தின் மீதே புதிதாக ஒரு வெப்பம் பாதித்த பகுதியை உண்டாக்குவது அது. அடுத்த நிறுத்தம் வரை இழுக்க வேண்டிய கட்டாயம் இருந்தாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளையத்தை மட்டும் அந்த இடத்திலேயே சூடேற்றி மறுபடி நார்மலைசிங் செய்யலாம் என்ற யோசனை இதைவிடக் கவர்ச்சியானது, இதைவிடத் தவறானது. 1050 டிகிரிக்குச் சூடேற்றிய பட்டையின் இரு ஓரங்களிலும் வெப்பநிலை எங்கோ 850-ஐக் கடந்துதான் இறங்கும். பழைய வளையம் மறையும். சற்றுத் தள்ளி இரண்டு புதிய வளையங்கள் பிறக்கும். உள்ளூர் நார்மலைசிங் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த எஃகில் இந்த இயற்பியலிலிருந்து தப்ப முடியாது. இன்றைய தரநெறிகள், டெம்பரிங் எல்லையைத் தாண்டிச் சூடான துண்டு முழுவதையும் உலையில் வைத்து மறுபடி நார்மலைசிங், டெம்பரிங் செய்யச் சொல்வதும், அல்லது வெட்டி எறியச் சொல்வதும் இதனால்தான்.

எனவே மாற்று வளைவு. வளைத்தபின் நேர்முனைகளோடு சேர்த்து முழுத் துண்டும் உலைக்குள் போக வேண்டும். வட்டம் நசுங்கும், துருச்செதில் ஏறும், அளவு திருத்த வேண்டியிருக்கும். வளைத்துத் தருபவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1050 டிகிரியில் சுவர் முழுவதும் சமமாகச் சூடேறும் வரை வைத்து, காற்றில் ஆறவிட வேண்டும். 100 டிகிரிக்குக் கீழே இறங்காமல் டெம்பரிங் உலைக்குள் தள்ளக்கூடாது. அவசரப்பட்டுச் சூட்டோடு தள்ளினால் மாறாமல் மிஞ்சிய ஆஸ்டனைட், டெம்பரிங் முடிந்து ஆறும்போது புதிய மார்ட்டென்சைட்டாகி, டெம்பர் ஆகாமலே உள்ளே தங்கிவிடும். டெம்பரிங்குக்கு 760 முதல் 770 டிகிரி வரை. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் உலையின் காற்றில் தொங்கக்கூடாது. உலோகத்தின் மீது, தடித்த இடத்திலும் மெலிந்த இடத்திலும் பற்றவைத்திருக்க வேண்டும். ஏசி1 வெறும் 40 டிகிரி தள்ளி நிற்கும்போது, உலைக்குள் 30 டிகிரி வேறுபாடு இருப்பது சின்ன விஷயமல்ல. இணைக்கும் வெல்டின் நிரப்பு உலோகத்தில் நிக்கலும் மாங்கனீசும் கூடுதலாக இருந்தால் அதன் ஏசி1 இன்னும் கீழே இறங்கியிருக்கும். அதையும் பார்த்துத்தான் வெல்டுக்குப் பிந்திய வெப்பநிலையை முடிவு செய்ய வேண்டும்.

மிச்சம் இருப்பது அதே குழாய்த்தொடரில் அதே ஒப்பந்தத்தில் வந்த மற்ற வளைவுகள். விரிசல் இன்னும் இல்லை, வளையம் நிச்சயம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நிறுத்தத்தில் மாற்ற முடியாது. நீராவி வெப்பநிலையைப் 10 டிகிரி குறைத்து ஓட்டினால், இந்த எஃகின் ஊர்வுத் தரவுகளை வைத்துப் பார்க்க, மிச்ச ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். உற்பத்தித் திறனில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். வரிசைப்படுத்துவதற்குக் கடினத்தன்மையை மட்டும் எடுக்காமல், வளைவின் இரு முனைகளிலும் நீளவாக்கில் கடினத்தன்மை வரிசை, எண் குழிந்த இடத்தில் ரெப்ளிக்கா (மேற்பரப்பின் நுண்ணமைப்பைப் படலத்தில் எடுக்கும் அச்சு), அந்த முனையில் கணக்கிட்ட நீளவாக்குத் தகைவு ஆகிய மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தொங்குபிடி இறுகிய இடத்துக்கு அருகிலுள்ள முனைகள் முதலில் மாறட்டும். ரெப்ளிக்காவில் ஊர்வு வெற்றிடங்கள் தெரியவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த எஃகில் அவை ஆயுளின் கடைசிப் பகுதியில்தான் கண்ணுக்குப் படும், அதுவும் சுவரின் உள்ளே தொடங்கினால் மேற்பரப்பில் தெரிவதற்குள் விரிசலாகியே இருக்கும். ஆகவே மாற்றாமல் விட்ட முனைகளுக்குச் சுவரின் ஆழம் வரை பார்க்கும் மீயொலிச் சோதனையையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.